பட்டியல் வேறு, முடிபு வேறு: மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதை

மணிமேகலையில் மொத்தம் 30 காதைகள். அவற்றுள் 29-ஆவது 'தவத்திறம் பூண்டு தருமம் கேட்ட காதை'. நூலை ரசித்துப் படிக்கிறவர்களில் பெரும்பாலோர் இந்த இடம் வந்ததும் பக்கங்களைத் தள்ளிவிடுகிறார்கள். அமுதசுரபி, காயசண்டிகையின் யானைத்தீ நோய், உதயகுமரன் வெட்டுண்டது, சிறைக்கோட்டம் அறக்கோட்டமானது என்று ஓடிக்கொண்டிருந்த கதை காஞ்சி மாநகரத்துக்கு வந்து நின்றுவிடுகிறது. அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூல் பாடம் நடத்துகிறார். எது நல்ல காரணம், எது போலிக் காரணம் என்று வகை வகையாய்ப் பிரித்துச் சொல்லுகிறார். கதை கேட்க வந்தவனுக்கு இது கசப்பு மருந்து மாதிரிதான்.

இந்தக் காதையை இதுவரை மூன்று விதமாக நம்மவர்கள் கையாண்டிருக்கிறார்கள். முதலாவது, மேலே சொன்ன மாதிரி தாண்டிப் போவது. இரண்டாவது, நூலின் காலத்தைக் கணிக்க மட்டும் இதைப் பயன்படுத்துவது. டாக்டர் ச. கிருஷ்ணசாமி ஐயங்கார் 1928-இல் வெளியிட்ட தம் ஆங்கில நூலில், இந்த அளவை முறை திங்நாகருக்கு முற்பட்டது என்று நிறுவ முயன்றார். மகாமகோபாத்தியாய குப்புசாமி சாஸ்திரியாரோ, இது 'நியாயப்பிரவேசம்' என்னும் வடமொழி நூலைத் தழுவியது, ஆகவே திங்நாகருக்குப் பிற்பட்டது என்றார். இருவரும் பெரிய அறிஞர்கள். ஆனால் அந்த வாதத்தில் காதையின் உள்ளடக்கம் ஒரு சாட்சிப் பத்திரம் மாதிரி ஆகிவிட்டது. மூன்றாவது, சமீப காலத்தில் மேடைகளில் கேட்பது: "கம்ப்யூட்டரில் இன்னிக்கு என்னென்ன தர்க்கம் இருக்கோ, அத்தனையும் மணிமேகலையிலே அப்பவே இருக்கு." கைதட்டல் வாங்கித் தரும் பேச்சு இது. ஆனால் எந்த இடத்தில், எப்படி இருக்கிறது என்று கேட்டால் விடை வராது.

இந்த மூன்றும் போதா என்பது என் கருத்து. காதையில் உண்மையிலேயே ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. ஒரு பெரிய குறையும் இருக்கிறது. இரண்டையும் பார்த்தால்தான் சாத்தனாருக்கு நாம் நியாயம் செய்தவர்களாவோம். நான் யஷ்வந்தபுர மண்டியில் அரிசி வியாபாரம் செய்கிறவன். வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பத்தில் பிறந்தவன். மணிமேகலை எங்கள் சமயத்து நூல் அன்று. 27-ஆம் காதையில் நிகண்டவாதி பேசுவதும், அவனைத் தாண்டி மணிமேகலை போய்விடுவதும் எனக்குத் தெரியாததல்ல. அதனால்தான் இதை நான் எழுதுவதில் ஒரு பொருத்தம் உண்டு என நினைக்கிறேன்.

காதை கற்பிப்பது என்ன?

தொடக்கத்திலேயே ஒரு சுவை. புத்தரைச் சாத்தனார் சினேந்திரன் என்கிறார். நாங்கள் அருகனுக்கு வைத்திருக்கும் பெயர் அது. போகட்டும். அளவை இரண்டு: காட்சி, கருத்து. கண்ணால் காண்பது ஒன்று, காரணம் கொண்டு ஊகிப்பது மற்றொன்று. ஊகத்துக்கு எல்லாருக்கும் தெரிந்த எடுத்துக்காட்டு மலையும் புகையும். மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம். புகை இருப்பதால் என்பது ஏது. அடுக்களை போல என்பது திட்டாந்தம்.

இனி, ஓர் ஏது நல்ல ஏதுவாக இருக்க மூன்று தன்மைகள் வேண்டும். ஒன்று, பேசப்படும் பொருளில் அந்த ஏது நிற்க வேண்டும். இரண்டு, நாம் நிறுவ விரும்பும் தன்மை உடைய மற்ற இடங்களில் அது காணப்பட வேண்டும். இந்த இடங்களுக்குச் சபக்கம் என்று பெயர். மூன்று, அந்தத் தன்மை இல்லாத இடங்களில் அது அறவே இருக்கக்கூடாது, இவை விபக்கம். அடுக்களை சபக்கம், ஏரி விபக்கம். அடுக்களையில் புகை உண்டு, ஏரியில் இல்லை.

பிறகு போலிகள். பக்கப் போலி 9, ஏதுப் போலி 14, திட்டாந்தப் போலி 10, ஆக 33. ஏதுப் போலி 14 என்பது அசித்தம் 4, அநைகாந்திகம் 6, விருத்தம் 4 என்று பிரியும். சில எடுத்துக்காட்டுகள் மிகச் சுவையானவை. என் தாய் மலடி என்று ஒருவன் சொன்னால் அது தன் சொல்லே தன்னை மறுப்பது. ஒலி காதுக்குப் புலனாகாது என்றால் அது காட்சியோடு முரண்படுவது.

1898-இல் உ.வே. சாமிநாதையர் இந்நூலைப் பதிப்பித்தபோது இவற்றையெல்லாம் புரிந்துகொள்ளப் பட்ட பாடு கொஞ்சமல்ல. கும்பகோணத்தில் மளூர் ரங்காசாரியாரிடம் பௌத்த சமயச் செய்திகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். வாசகருக்கு விளங்க வேண்டுமென்று புத்த சரித்திரம், பௌத்த தருமம், பௌத்த சங்கம் பற்றித் தனியே எழுதியும் சேர்த்தார். அப்படி ஒருவர் மெனக்கெட்டிராவிட்டால் இன்று நாம் தாண்டிப் போவதற்குக்கூட அந்தப் பக்கங்கள் கைக்கு வந்திரா.

ஒன்பது கட்டம்

அநைகாந்திகம் ஆறு என்றேனே, அந்த ஆறில்தான் விஷயம் இருக்கிறது. அவற்றின் பெயர்கள் வாயில் நுழையாதவை: சாதாரணம், அசாதாரணம், சபக்கைகதேச விருத்தி விபக்க வியாபி, விபக்கைகதேச விருத்தி சபக்க வியாபி, உபயைகதேச விருத்தி, விருத்த வியபிசாரி. பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம். 'ஏகதேசம்' என்றால் ஒரு பகுதியில். 'வியாபி' என்றால் முழுவதும். அவ்வளவுதான்.

இப்போது ஒரு தாளில் மூன்றுக்கு மூன்று கட்டம் போடுங்கள். ஏதுவானது சபக்கம் முழுவதும் இருக்கலாம், ஒரு பகுதியில் இருக்கலாம், அறவே இல்லாமலும் இருக்கலாம். விபக்கத்திலும் இதே மூன்று வாய்ப்பு. மூன்றை மூன்றால் பெருக்க ஒன்பது. பத்தாவது கட்டம் கிடையாது. திங்நாகர் செய்த 'ஏதுச் சக்கரம்' இதுதான். ஒன்பதில் இரண்டு கட்டம் நல்ல ஏது: சபக்கம் முழுவதிலோ ஒரு பகுதியிலோ உண்டு, விபக்கத்தில் அறவே இல்லை. இரண்டு கட்டம் விருத்தம், அதாவது தலைகீழ்: சபக்கத்தில் அறவே இல்லை, விபக்கத்தில் முழுவதுமோ ஒரு பகுதியோ உண்டு. மீதி ஐந்தும் எதையும் முடிவு செய்யாதவை.

சாத்தனார் சொல்லும் ஆறில் முதல் ஐந்தும் இந்த ஐந்து கட்டங்களே. ஒலி அநித்தியம், ஏனென்றால் அது அறியப்படுவது என்று ஒருவன் சொன்னால், குடமும் அறியப்படுகிறது, ஆகாயமும் அறியப்படுகிறது. இரு பக்கமும் முழுவதும் பரவிய ஏது, இது சாதாரணம். மூன்றாவதையும் நான்காவதையும் சேர்த்துப் பாருங்கள். ஒலி முயற்சியால் தோன்றாதது, அநித்தியமாதலால் என்பது ஒன்று. ஒலி முயற்சியால் தோன்றுவது, அநித்தியமாதலால் என்பது மற்றொன்று. ஏது ஒன்றேதான். கட்சியை மாற்றியவுடன் மின்னலும் ஆகாயமும் சபக்கத்திலிருந்து விபக்கத்துக்குப் போகின்றன, குடம் இந்தப் பக்கம் வருகிறது. கண்ணாடியில் பார்த்த மாதிரி கட்டம் திரும்பிக்கொள்கிறது. காரணம் நல்லதா என்பது காரணத்தை மட்டும் பொறுத்ததன்று, அது எதை நிறுவ வந்தது என்பதையும் பொறுத்தது என்று இவ்வளவு அழகாகக் காட்டிய இடம் தமிழில் வேறு எனக்குத் தெரியாது.

மண்டி வழக்கில் சொன்னால் இன்னும் எளிது. புதுசா ஒரு பார்ட்டி கடன் கேட்டு வருகிறார். "ஆள் நாணயமானவர்ங்க, முதல் சரக்குக்கு ரொக்கம் கொடுத்தார்" என்று தரகர் சொல்லுகிறார். பேரேட்டைப் புரட்டினால், நாணயமானவர்களில் சிலர் முதலில் ரொக்கம் கொடுத்திருக்கிறார்கள். ஏமாற்றியவர்களிலும் சிலர் முதலில் ரொக்கம் கொடுத்துத்தான் நம்ப வைத்திருக்கிறார்கள். இது உபயைகதேச விருத்தி. இரு பக்கமும் பாதி பாதி. தரகர் சொன்னது பொய்யல்ல. ஆனால் அது எதையும் முடிவு செய்யவில்லை. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டவனுக்கு மணிமேகலையின் 29-ஆம் காதை வறட்சியாகத் தோன்றாது.

குறை எங்கே?

இனிக் குறைக்கு வருவோம். சாத்தனார் கட்டத்தைத் தரவில்லை. ஐந்து கட்டங்களுக்குப் பெயரும் எடுத்துக்காட்டும் தருகிறார். நல்ல ஏதுவுக்கு மூன்று தன்மை சொல்லுகிறார். ஆனால் இவை ஒன்பதில் அடங்கும், ஒன்பதுக்கு மேல் போகாது என்று காட்டவில்லை. விருத்தத்தை நான்காகப் பகுக்கும்போது அடிப்படையே மாறிவிடுகிறது. அங்கே சபக்கம், விபக்கம் என்ற எண்ணிக்கை இல்லை. தன்மம், தன்மி, அவற்றின் சொரூபம், விசேடம் என்று வேறு ஒரு பகுப்பு. ஆறாவது அநைகாந்திகமான விருத்த வியபிசாரியும் கட்டத்துக்குள் வராது. ஒருவன் சரியான ஏது காட்டி ஒலி அநித்தியம் என்கிறான். இன்னொருவன் அதே அளவு சரியாகத் தோன்றும் வேறு ஏது காட்டி ஒலி நித்தியம் என்கிறான். இரண்டும் தனித்தனியே பார்த்தால் நிற்கின்றன. இது ஓர் ஏதுவின் குறை அன்று. இரண்டு ஏதுக்கள் எதிரெதிரே நிற்கும் நிலை.

ஆகவே 33 என்பது ஒரு பட்டியல். 9 என்பது ஒரு கணக்கு. பட்டியலில் 34-ஆவது ஒன்று நாளைக்கு வந்து சேரலாம். வராது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கணக்கில் பத்தாவது வர முடியாது. முடிவு காணும் முறை என்று எதையாவது நாம் அழைக்க வேண்டுமானால், அது பட்டியலாக இருந்தால் போதாது. எந்தக் கேள்வி வந்தாலும், எண்ணிவிடக்கூடிய படிகளில், ஆம் அல்லது இல்லை என்று விடை வந்து நின்றாக வேண்டும்.

எங்கள் பக்கத்திலும் ஒன்று சொல்லுகிறேன். சப்தபங்கியில் ஏழு வாக்கியங்கள் ஏன், எட்டு ஏன் இல்லை என்று சிலர் கிண்டலாகக் கேட்பதுண்டு. உண்டு, இல்லை, சொல்லொணாது என்று மூன்று அடிப்படை. தனித்தனியே மூன்று, இரண்டிரண்டாய்ச் சேர்த்தால் மூன்று, மூன்றும் சேர்ந்தால் ஒன்று, ஆக ஏழு. இதுவும் பட்டியல் அன்று, கணக்கு. 1292-இல் 'ஸ்யாத்வாத மஞ்சரி' எழுதிய மல்லிசேணர் ஏழுக்குக் கூடவும் குறையவும் ஏன் ஆகாது என்று விளக்கியிருக்கிறார். இப்படிச் சேர்மானங்களை எண்ணும் சூத்திரத்தை ஒன்பதாம் நூற்றாண்டிலேயே 'கணித சார சங்கிரகம்' எழுதிய மகாவீராசாரியர் தந்துவிட்டார். அவர் நாம் வாழும் இந்தக் கர்நாடகத்தை ஆண்ட ராஷ்டிரகூட அமோகவர்ஷன் காலத்தவர். ஆனால் ஏழு என்று எண்ணிவிட்டதால் எந்த வழக்கில் ஏழில் எது பொருந்தும் என்று தீர்ப்புச் சொல்லும் முறை கிடைத்துவிடாது. அந்த அளவுக்கு எங்கள் பெருமையையும் அடக்கித்தான் பேச வேண்டும்.

சமணர் கேட்ட கேள்வி

மூன்று தன்மை உடையது நல்ல ஏது என்ற பௌத்தர் கொள்கையைச் சமண ஆசிரியர்கள் ஒப்பவில்லை. அகளங்கருக்கு முற்பட்ட பாத்திரசுவாமி என்பவர் இதை மறுக்கவே ஒரு நூல் செய்தார். அவர் கருத்தின் சாரம் இது: வேறுவிதமாக இருக்கவே முடியாது என்ற ஒரு தன்மை இருந்தால் அந்த மூன்றும் எதற்கு? அது இல்லாவிட்டால் அந்த மூன்றும் இருந்துதான் என்ன பயன்?

சமணத் தர்க்க நூல்களில் வரும் எடுத்துக்காட்டு கேளுங்கள். ஒருத்திக்குப் பல பிள்ளைகள், எல்லாரும் கறுப்பு. இப்போது வயிற்றில் இருக்கும் பிள்ளையும் கறுப்புத்தான், அவள் பிள்ளையாதலால் என்கிறான் ஒருவன். மூன்று தன்மையும் இருக்கின்றன. அவள் பிள்ளை என்னும் ஏது இந்தப் பிள்ளையிடம் இருக்கிறது. கறுப்பாய் இருக்கும் மற்றப் பிள்ளைகளிடம் இருக்கிறது. கறுப்பல்லாதவர் எவரிடமும் இல்லை. ஆனாலும் பிள்ளை சிவப்பாய்ப் பிறக்கலாமே! காரணம் என்ன? சபக்கம், விபக்கம் என்று பார்த்தபோது, சர்ச்சைக்குரிய பிள்ளையை மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தோம். ஒதுக்கி வைத்த இடத்தில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. மண்டியில் இது தினப்படி பாடம். "அதே மில்லு சரக்குங்க, போன பத்து லோடும் நல்லா இருந்துச்சு, இதுவும் நல்லாத்தான் இருக்கும்" என்பார்கள். பத்தும் நல்லதாக இருந்தது உண்மை. பதினோராவதைக் குத்தூசி போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

ஆக இரு தரப்பையும் எடைபோட்டால் இப்படி வருகிறது. பௌத்தர் கையில் எண்ணி முடிக்கக்கூடிய ஒரு முறை இருந்தது. ஆனால் அந்த முறை கேட்ட கேள்வி சற்றே பலவீனமானது. சமணர் சரியான கேள்வியைக் கேட்டார்கள்: மறுதலை எவ்வகையிலாவது பொருந்துமா, பொருந்தாதா? ஆனால் பொருந்தாது என்பதை எப்படி எண்ணிக் கண்டுபிடிப்பது என்ற முறை அவர்களிடம் இல்லை. கேள்வியும் முறையும் ஒன்றாய்ச் சேர்ந்தது இருபதாம் நூற்றாண்டில்.

இன்றைய கணக் கணிதம்

பள்ளிக்கூடக் கணிதத்தில் கணம், உட்கணம், சேர்ப்பு, வெட்டு, வெற்றுக் கணம் என்று நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். 1880-இல் வென் என்பவர் போட்டுக் காட்டிய வட்டப் படங்களும் அதில் வரும். அந்த வட்டங்களை வைத்தே மேற்சொன்ன மில் வழக்கைத் தீர்க்கலாம்.

மூன்று கணங்கள்: இன்றைய லோடு, அந்த மில்லின் சரக்கு, நல்ல அரிசி. மூன்று வட்டம் போட்டால் உள்ளும் புறமுமாக எட்டு அறைகள் வரும். லோடு முழுவதும் மில் சரக்கு என்று ஒருவர் சொன்னால், லோடில் இருந்து மில்லில் இல்லாத இரண்டு அறைகள் காலி. மில் சரக்கு முழுவதும் நல்லது என்றால், மில்லில் இருந்து நல்லதில் சேராத இரண்டு அறைகள் காலி. மீதி நான்கு அறை. அந்த நான்கில் லோடில் இருந்து நல்லதல்லாத அறை இருக்கிறதா? இல்லை. ஆகவே இன்றைய லோடில் கெட்ட மூட்டை ஒன்று உண்டு என்னும் மறுதலை பொருந்தவே பொருந்தாது. இது முடிபு.

இனி, மில் சரக்கு முழுவதும் நல்லது என்ற உறுதி இல்லை, முன் வந்த லோடுகள் மட்டும் நல்லவை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது லோடில் இருக்கிற, மில்லில் இருக்கிற, நல்லதில் இல்லாத அறை அழியாமல் நிற்கிறது. மறுதலை பொருந்துகிறது. ஆகவே நிறுவப்படவில்லை. பாத்திரசுவாமி கேட்ட 'வேறுவிதமாக இருக்க முடியுமா?' என்ற கேள்விக்கு, அறைகளை எண்ணி விடை சொல்லும் முறை இதுதான். ஒவ்வொரு பொருளும் ஒரு தன்மை உடையதா இல்லையா என்ற அளவில் நிற்கும் தர்க்கத்துக்கு எப்போதும் முடிபு காண முடியும் என்று 1915-இல் லோவன்ஹைம் காட்டினார்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், கணம் கூடக் கூட அறைகள் இரட்டிக்கின்றன. 3 கணத்துக்கு 8 அறை; 10 கணத்துக்கு 1,024; 20-க்கு 10,48,576; 30-க்கு 107 கோடிக்கு மேல். சதுரங்கப் பலகையில் நெல்மணி வைத்த கதைதான். முடியும் என்பது வேறு, சீக்கிரம் முடியும் என்பது வேறு.

அடுத்த சிக்கல், ஒரு கணமே இன்னொரு கணத்தின் உறுப்பாவது. மூட்டைகள் சேர்ந்தது லோடு. லோடுகள் சேர்ந்தது ஒரு கணக்கு. மூட்டை லோடின் உறுப்பு. லோடு கணக்கின் உறுப்பு. ஆனால் மூட்டை கணக்கின் உறுப்பு அன்று. இப்படித் தளம் மேல் தளமாகப் போகும் வாக்கியங்களுக்கும் முடிபு காண முடியுமா? சேர்ப்பு, வெட்டு, நீக்கம், உறுப்பாதல் இவை மட்டும் வரும் வாக்கியங்களுக்கு முடியும் என்று 1980-இல் ஃபெர்ரோ, ஒமொதேயோ, ஜேக்கப் ஷ்வார்ட்ஸ் ஆகிய மூவர் நிறுவினார்கள். ஷ்வார்ட்ஸ் நியூயார்க் பல்கலைக்கழகத்துக்காரர். தாங்கள் கண்ட முறைக்கு அவர்கள் வைத்த பெயரிலேயே பழைய அனுமான வாக்கியத்தின் பெயர் இருக்கிறது. பல தளத்து அனுமானம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். 1989-இல் கந்தோனே, ஃபெர்ரோ, ஒமொதேயோ மூவரும் இத்துறைக்கு ஒரு முழு நூலே எழுதினார்கள். 1990-இல், இந்த எளிய பகுதிக்குக்கூட எல்லா வழக்கிலும் விரைந்து முடிக்கும் வழி எவருக்கும் தெரியாத கடினமான கேள்விகளின் கூட்டத்தில்தான் இடம் என்று தெரிந்தது. கணக் கொள்கை முழுவதற்கும் ஒரே முடிபுமுறை கேட்டால், அது கிடையவே கிடையாது. 1936-இல் சர்ச்சும் டூரிங்கும் தர்க்கம் முழுவதற்கும் அப்படி ஒரு முறை இருக்க முடியாது என்று நிறுவியதன் தொடர்ச்சி இது. எது வரை முடியும், எங்கே எல்லை என்று நிலம் அளக்கிற மாதிரி அளந்துகொண்டே போவதுதான் இத்துறையின் வேலை.

இதனால் என்ன லாபம் என்று வியாபாரி கேட்பான். 1994-இல் இன்டெல் கம்பெனியின் பென்டியம் சில்லில் வகுத்தல் கணக்கு சில இடங்களில் தவறாய் வந்தது. சில்லுகளை மாற்றித் தர அவர்கள் ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர். மாதிரிக் கணக்குகளைப் போட்டுப் பார்த்துச் சோதித்தவை எல்லாம் சரியாகவே வந்திருந்தன; போடாத கணக்கில் தவறு ஒளிந்திருந்தது. கறுப்புப் பிள்ளை கதைதானே இது? அதற்குப் பின்னர், தவறு நேரும் நிலை ஒன்றாவது பொருந்துமா என்று முழுவதும் எண்ணிப் பார்க்கும் முறைகளுக்கு மதிப்பு ஏறியது. இந்த வேலையை இந்தப் பெங்களூரில் நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் செய்கிறார்கள். சில்லு வடிவமைப்பில் இருக்கும் என் மருமகளிடம் ஏதுச் சக்கரத்தைப் போட்டுக் காட்டியபோது, "மாமா, நாங்களும் இதைத்தான் கேக்கறோம். தப்பு நடக்கிற மாதிரி ஒரு கேஸாவது இருக்கா, இல்லையான்னு. இல்லைன்னு மெஷின் சொன்னாத்தான் கையெழுத்துப் போடுவோம்" என்றாள்.

எது சொல்லலாம், எது சொல்லக்கூடாது

ஆகவே மேடைப் பேச்சாளர்களுக்கு என் வேண்டுகோள். கணினித் தர்க்கம் முழுவதும் மணிமேகலையில் இருக்கிறது என்று சொல்லாதீர்கள். அது சாத்தனாருக்குப் பெருமை சேர்க்காது. நாளைக்கு ஒரு படித்த பிள்ளை எழுந்து எந்த அடியில் என்று கேட்டால் நமக்குத்தான் தலைகுனிவு. இப்படிச் சொல்லுங்கள்: ஒரு காரணம் எதையும் முடிவு செய்யாமல் போகும் ஐந்து வழிகளையும் விடாமல் பெயரிட்டுக் காட்டிய காப்பியம் தமிழில் இருக்கிறது. அந்த ஐந்தும் முழுமையானவை என்று காட்டும் கணக்கு அதில் இல்லை. இரண்டும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் கேட்கிறவன் நம்புவான்.

இன்னொரு குழப்பத்தையும் நீக்க வேண்டும். அநைகாந்திகம் என்றால் இந்த ஏது முடிவு செய்யவில்லை என்பது மட்டுமே. வேறு நல்ல ஏது கிடைக்கலாம். டூரிங் சொன்னது அதுவன்று. எல்லாக் கேள்விக்கும் பொதுவான முறை ஒன்று இருக்கவே முடியாது என்பது. சிலர் இரண்டையும் எங்கள் அநேகாந்தத்தோடு சேர்த்து மூன்றும் ஒன்றே என்று எழுதிவிடுகிறார்கள். சொல்லின் வேர் ஒன்றாயிருக்கலாம். பௌத்தர் ஏதுவின் குற்றமாகச் சொன்னதற்கும், நாங்கள் பொருளின் இயல்பாகச் சொன்னதற்கும், கணிதர் முறையின் எல்லையாகச் சொன்னதற்கும் இடையே உள்ள வேறுபாட்டைக் கரைத்துவிட்டால் மூன்றுமே வீணாகும்.

கடைசியாக, எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஒன்று. பௌத்தர் காப்பியமான குண்டலகேசி இன்று முழுதாக இல்லை. அதை மறுக்க எழுந்த சமண நூலான நீலகேசி இருக்கிறது, பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936-இல் சமயதிவாகர உரையோடு அதைப் பதிப்பித்தார். குண்டலகேசியைப் பற்றி நாம் அறிவதில் ஒரு பங்கு அந்த எதிர்நூலின் வழியே வந்தது. பாத்திரசுவாமியின் நூலும் மறைந்துவிட்டது. அவர் வாதத்தை எடுத்துச் சொல்லிக் காத்துவைத்தவர் அவரை மறுத்த பௌத்தரான சாந்தரட்சிதர். அந்தச் சாந்தரட்சிதரின் 'தத்துவ சங்கிரகம்' சமண பண்டாரங்களில் இருந்த ஏடுகளைக் கொண்டு 1926-இல் பரோடாவில் அச்சாயிற்று. மணிமேகலைக் காதை தழுவியது என்று சாஸ்திரியார் சொன்ன நியாயப்பிரவேசத்துக்கு உரை எழுதியவரோ ஹரிபத்திர சூரி என்னும் சமண ஆசிரியர். ஒருவரை ஒருவர் மறுத்தவர்களே ஒருவர் நூலை ஒருவர் காப்பாற்றியிருக்கிறார்கள். மறுக்க வேண்டுமானால் முதலில் எதிராளி சொன்னதைப் பிசகாமல் எழுதிக்கொள்ள வேண்டும் என்ற ஒழுக்கம் இருந்ததால்தான் இது நடந்தது.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இது வெறும் பழங்கதை அன்று. நம் பிள்ளைகள் தமிழை வீட்டில் கேட்கிறார்கள், கன்னடத்தைத் தெருவில் கேட்கிறார்கள், வேலையை ஆங்கிலத்தில் பார்க்கிறார்கள். பழைய நூலிலிருந்து அவர்களுக்குக் கொடுக்க வேண்டுமானால் கதையையும் நீதியையும் மட்டும் கொடுத்துவிட்டு, இது கடினம் உனக்கு வேண்டாம் என்று 29-ஆம் காதையை மறைக்காதீர்கள். அவர்கள் பிழைப்புக்குச் செய்கிற வேலைக்கு நெருங்கிய சொந்தம் அந்தக் காதைதான். உரையோடு கூடிய மணிமேகலை எந்தத் தமிழ் நூலகத்திலும் கிடைக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவர் ஒருவர் அடியைப் படித்துப் பொருள் சொல்லட்டும். பிள்ளை தாளில் ஒன்பது கட்டம் போடட்டும். சாத்தனார் விட்ட கட்டங்கள் எவை என்று இருவரும் சேர்ந்து தேடட்டும்.